ஓடுகிற தண்ணீர்

"அழுத்தாத! அழுத்தாதன்னா அழுத்தாத!" என்று படுக்கையறையிலிருந்து மெத்தோதி கத்தினான். கத்தினான் என்று ஒரு பேச்சுக்குச் சொல்ல வேண்டியதுதான். அவனிடம் மிச்சமிருந்த மூச்சுக்கு அது கத்தல். கதவைத் தாண்டி முன்னறைக்கு வந்து சேரும்போது வெறும் சீறலாகத்தான் இருந்தது.

"நான் இன்னும் தொடவே இல்ல" என்றாள் ஸ்லாவ்கா.

"தொடும்போது அழுத்தாத."

ரொட்டிக்குப் பிசைகிற மாவைத்தான் அவள் மீன்தொட்டியின் பக்கக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டை விழ வேண்டிய இடத்துக்குக் கீழே, பாதிக் கிண்ணம் மாதிரி. அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் நிற்க வேண்டும், தண்ணீருக்குள்ளேயே டிரில் பிட் சுற்ற வேண்டும். காய்ந்தால் கண்ணாடி சூடேறி விரிசல் விட்டுவிடும். உள்பக்கம் பட்டை டேப் ஒட்டியாயிற்று. டிரில் மெஷினைக் கையில் எடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளை ஒரு ஆணி அடிக்க விட்டதில்லை மெத்தோதி. "நீ அடிச்சா சுவத்துக்கு வலிக்கும்" என்பான். இன்றைக்கு அதே மனுஷன் கண்ணாடியையே ஓட்டை போடச் சொல்லிவிட்டுக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான்.

ஓட்டை மட்டத்துக்குக் கீழே இறங்கும்வரை, தொட்டியின் தண்ணீரில் கால்வாசியை விடிந்ததுமே அவள் எடுத்து வைத்திருந்தாள். குளியல் தொட்டியில் பாதி. மீதி வாளிகளில், சூப் பாத்திரத்தில், ஜாம் காய்ச்சுகிற தவலையில், ஊறுகாய் ஜாடிகளில். வீட்டில் வாய் திறந்திருந்த பாத்திரம் எல்லாவற்றிலும் மீன்தண்ணீர். கொட்டிவிடலாம்தான். ஆனால் பெர்னிக் ஊரில் யாரும் தண்ணீரைக் கொட்ட மாட்டார்கள். குழாய் வறண்டுபோன அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு, இந்தக் கட்டடத்தில் எந்த வீட்டு பால்கனியைத் திறந்தாலும் பெரிய பெரிய பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும். தவிர, மெத்தோதியும் சொல்லியிருந்தான்: "அந்தத் தண்ணிக்குத்தான் மீனுங்க பழகியிருக்கு. திருப்பி ஊத்திடு."

எல்லா வினையும் போன மாதம் கரண்ட் போனதில் ஆரம்பித்தது. தொட்டி விளிம்பில் ஒரு உறிஞ்சு குழாய் தொங்கும். அது மேல்தொட்டித் தண்ணீரை அலமாரிக்குள் இருக்கிற கீழ்த்தொட்டிக்கு இறக்கும். அங்கே வடிகட்டியதை மோட்டார் திரும்ப மேலே ஏற்றும். கரண்ட் போனால் உறிஞ்சு குழாயில் காற்று புகுந்துவிடும். கரண்ட் வந்ததும் மோட்டார் பாட்டுக்கு ஏற்றிக்கொண்டேயிருக்கும், இறங்க வழி இருக்காது. யாராவது ஓடிப்போய்க் குழாயில் வாயை வைத்து உறிஞ்ச வேண்டும். அந்த யாராவது எப்போதும் மெத்தோதிதான். சுரங்கத்தில் தின்ற கரித்தூசியில் நெஞ்சு போன பிறகு, உறிஞ்ச அவனுக்கு மூச்சு ஏது?

அன்றைக்குக் கரண்ட் வந்தபோது ஆக்ஸிஜன் மெஷின் வழக்கம்போல இரண்டு தடவை நீளமாக விசில் அடித்துவிட்டு ஓட ஆரம்பித்தது. ஸ்லாவ்கா அவன் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு அவன் பக்கத்திலேயே இருந்துவிட்டாள். முன்னறையில் தொட்டி வழிந்து, தரையில் ஓடி, கீழ்வீட்டு வெலிச்கோவின் கூரையிலிருந்து சொட்டியது. வெலிச்கோ சண்டைக்கு என்றுதான் மேலே ஏறி வந்தான். மெத்தோதியின் உதடு இருந்த நிறத்தைப் பார்த்துவிட்டு, துணியை எடுத்துத் தரையைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

மெத்தோதி அன்று மதியமே சொல்லிவிட்டான். "ஓட்டை போட்டுடணும், ஸ்லாவ்கா. ஓட்டைக்கு உறிஞ்ச ஆள் வேண்டாம். தண்ணி மட்டத்துக்கு வந்தா தானா விழும். கரண்ட் போனா தானா நிக்கும், வந்தா தானா ஓடும். யாரும் பார்க்க வேண்டாம்."

யாரும் பார்க்க வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? அவன் வேண்டாம் என்று அர்த்தம். பிட்டும் மற்ற சாமான்களும் பார்சலில் வந்தன. குழாயையும் ரப்பரையும் அலமாரியில் வைத்தாள். பிட்டை மட்டும் மாவு டப்பாவுக்குள் புதைத்துவிட்டு, "இன்னும் வரல" என்றாள். அவன் தினமும் கேட்டான். அவள் தினமும் வரவில்லை என்றாள். அவன் எதற்காக உயிரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அதைக் கொடுத்துவிட்டால் பிடியை விட்டுவிடுவான் என்று அவள் மனசு சொல்லிற்று.

மெத்தோதியின் அக்கா யோர்தாங்கா போன ஞாயிறு வந்தவள், தம்பி மூச்சுக்குத் தவிக்கிறதைப் பார்த்துவிட்டு, "உசிரு எதுலயோ மாட்டிக்கிட்டிருக்கு. பூட்டினது எல்லாத்தையும் திறந்து விடு" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. அலமாரி, மேஜை இழுப்பறை, டிரங்குப் பெட்டி என்று ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனாள். அவள் பின்னாலேயே போய் ஸ்லாவ்கா ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தாள். போகும்போது கட்டில் பக்கத்து முக்காலியில் கோயில் மெழுகுவத்தி ஒன்றையும் தீப்பெட்டியையும் வைத்துவிட்டு, "கையில வெளிச்சம் இல்லாமப் போறவன் அங்க இருட்டுல தடவிக்கிட்டு நிப்பான். மறந்துடாத" என்றாள் யோர்தாங்கா.

"நீ மறக்க மாட்ட" என்றான் மெத்தோதி, ஸ்லாவ்காவைப் பார்த்து. "இருட்டுல நான் நிறைய இருந்தாச்சு."

ஆனால் மெஷின் ஓடும்போது பக்கத்தில் தீக்குச்சி உரசக் கூடாது, வீடே பற்றிக்கொள்ளும் என்று நர்ஸ் எச்சரித்திருந்தாள். மெஷினை நிறுத்தினால்தான் மெழுகுவத்தி. மெஷினை எப்போது நிறுத்துவது?

இன்று விடியும்போது அவன் நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடியே ஒவ்வொரு மூச்சையும் ஆழக் கிணற்றிலிருந்து வாளி இழுக்கிற மாதிரி இழுத்திருந்தான்.

"பார்சல்... வந்துச்சா?"

அவளால் அதற்கு மேல் முடியவில்லை. "வந்துச்சு" என்றாள்.

பிட்டைக் கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்தாள். அவன் விரலால் தடவினான். விரலில் வெள்ளையாக ஒட்டியது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஏன், பேக்கரியிலிருந்தா அனுப்புனாங்க?"

ஸ்லாவ்கா ஏப்ரன் முனையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"அழாத. மாவையும் எடுத்துக்க. ஓட்டைக்கு அடியில ஒட்டணும்."

அப்படித்தான் இப்போது டிரில்லோடு நிற்கிறாள்.

"அடிக் கண்ணாடி பக்கம் போயிடாத" என்றது படுக்கையறைக் குரல். "அது கெட்டிப்படுத்துன கண்ணாடி. தொட்டா மொத்தமும் பொடியாயிடும்."

"பக்கக் கண்ணாடியிலதான் நிக்கிறேன்."

"முதல்ல சாய்ச்சுப் பிடி. நிலாப்பிறை மாதிரி கோடு விழும். அப்புறம் நிமிர்த்து."

அவள் சாய்த்துப் பிடித்து விசையை அழுத்தினாள். கிறீச்சென்று பல்லை ராவுகிற சத்தம் வீட்டைப் பிடுங்கி எடுத்தது. ஏஞ்சல் மீன்கள் எல்லாம் மறுகோடிக்கு ஓடி ஒண்டிக்கொண்டன. கண்ணாடியில் நிலாப்பிறை விழுந்தது. மெல்ல நிமிர்த்தினாள். பிறை வளர்ந்து வட்டமாயிற்று. மாவுக் கிண்ணத்துத் தண்ணீர் கண்ணாடித் தூளோடு கஞ்சியாக வெளுத்தது. இடது கையால் பாட்டிலிலிருந்து தண்ணீரைச் சொட்டிக்கொண்டே இருந்தாள். தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது.

உள்ளேயிருந்து அவன் என்னவோ சொன்னான். அவள் நிறுத்தினாள்.

"என்ன?"

"...மெதுவா..."

"மெதுவாத்தான் போறேன்."

மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி என்னவோ சொன்னான். நிறுத்தி நிறுத்திப் போட்டால் பிட் ஒரு பக்கம் இழுத்தது. வியர்வை கண்ணில் இறங்கிற்று. எங்கே விரிசல் விடப்போகிறதோ, இத்தனை நாள் ஒளித்து வைத்த பாவம் இப்போது கண்ணாடியில் தெரியப்போகிறதோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை அவன் குரல் வந்தபோது எரிச்சல் பீறிட்டுவிட்டது.

"சும்மா இரு மெத்தோ! சத்தத்துல ஒண்ணும் கேக்கல!"

அவன் சும்மா இருந்தான்.

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. திடீரென்று பிட் எதிர்ப்பில்லாமல் உள்ளே போயிற்று. விசையை விட்டாள். டேப்பில் ஒட்டிக்கொண்டு, தேய்ந்த நாணயம் மாதிரி ஒரு வட்டக் கண்ணாடித் துண்டு நின்றது. ஒரு விரிசல் இல்லை, ஒரு சில்லு இல்லை.

"விழுந்துடுச்சு!" என்று கூவினாள். "மெத்தோ, விழுந்துடுச்சு! ஒரு கீறல் இல்ல!"

கண்ணாடித் துண்டைப் பிய்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, கைச்சேற்றைக்கூடத் துடைக்காமல் ஓடினாள். அவன் தலையணையில் சாய்ந்து முன்னறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூக்குக் குழாயில் காற்று புஸ்புஸ் என்று வந்துகொண்டிருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் அங்கே யாரும் இல்லை.

முக்காலியில் மெழுகுவத்தி அப்படியே இருந்தது. திரி வெள்ளை வெளேரென்று இருந்தது.

அவள் அதை எடுத்து அவன் விரல்களுக்குள் திணித்தாள். விரல்கள் பிடிக்கவில்லை. தன் கையால் அவன் கையை மூடிப் பிடித்துக்கொண்டாள். தீப்பெட்டியை எடுத்தாள். மெஷினை நிறுத்தாமல் உரசக் கூடாது. நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது. விசை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நிறுத்தினால் அவன் செத்துப்போய்விடுவான் என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. சிரிக்காதீர்கள், அப்படித்தான் தோன்றியது. பற்றாத மெழுகுவத்தியை அவன் கையோடு சேர்த்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

யோர்தாங்கா சூப் தூக்கோடு வந்தபோதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள்.

யோர்தாங்கா பார்த்தாள். தூக்கைக் கீழே வைத்தாள். குனிந்து மெஷினை நிறுத்தினாள். பல மாதமாக அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. பக்கத்துத் தெருவில் யாரோ கம்பளம் தட்டுகிற சத்தம் கேட்டது.

"பத்த வைச்சியா?"

"இல்ல."

"ஏன்?"

பொய் சொல்லியிருக்கலாம். பற்ற வைத்தேன், அணைந்துவிட்டது என்றால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்? "ஓட்டை போட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள் ஸ்லாவ்கா.

"என்னது?"

"தொட்டிக்கு ஓட்டை. அவன் சொன்னான். போட்டுக்கிட்டிருந்தேன். அவன் கூப்பிட்டான், அக்கா. சும்மா இருன்னு சொல்லிட்டேன்."

யோர்தாங்கா இரண்டு கையாலும் தொடையில் அறைந்துகொண்டாள். "என் தம்பி இருட்டுலயே போயிட்டானே! மீனுக்குப் பார்த்தியே, மனுஷனுக்குப் பார்க்கலையே! படுபாவி!" அந்த அலறலில் கீழ்வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சொன்னதெல்லாம் உண்மைதானே என்று ஸ்லாவ்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அழுது முடித்த யோர்தாங்கா முழங்கை வரை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். தம்பியின் கண்ணை மூடினாள். இப்போது என்ன பயன் என்றாலும் மெழுகுவத்தியைப் பற்ற வைத்துத் தலைமாட்டில் நிறுத்தினாள். கடிகாரத்தை நிறுத்தினாள், கண்ணாடிகளுக்குத் துணி போட்டாள், ஜன்னலைத் திறந்தாள். அப்புறம் சமையலறைக்குப் போனாள்.

"ஸ்லாவ்கா! என்னடி இது, பாத்திரம் பூரா?"

"தொட்டித் தண்ணி."

"உசிரு போனப்ப இதெல்லாம் திறந்தேவா இருந்துச்சு?"

"ஆமா."

"ஐயோ, ஐயோ! எல்லாரும் வீட்டுல இருக்கிற ஒரு குடத்தைக் கொட்டுவாங்க. நீ போற உசிரு முங்குறதுக்குக் குளமே வெட்டி வச்சிருக்கியே!"

சாவு நடந்த வீட்டில் நின்ற தண்ணீர் இருக்கக் கூடாது. இது ஸ்லாவ்காவுக்கும் தெரியும். அவள் அம்மா செத்தபோது அவளே குடத்தைத் தூக்கி வாசலில் கொட்டியிருக்கிறாள். அதனால் சூப் பாத்திரம் கொட்டுகிற சத்தம் கேட்டபோதும், தவலை கவிழ்கிற சத்தம் கேட்டபோதும், குளியல் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கியதும் அது கரகரவென்று உறிஞ்சிக்கொண்டு போனபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. யோர்தாங்கா வாளியும் ரப்பர் குழாயுமாக முன்னறைக்குள் போனபோதுதான் எழுந்து ஓடினாள்.

"அக்கா! அதுல மீன் இருக்கு!"

"மீனை ஜாடியில போடு."

"எந்தத் தண்ணிய ஊத்துறது? எல்லாத்தையும்தான் கொட்டிட்டியே. குழாய்த் தண்ணியில போட்டா சாயங்காலம் வரைக்கும் தாங்காது."

"பெத்த புள்ள மாதிரி நான் தூக்கி வளர்த்த தம்பி கிடக்கிறான், இவ மீனு தாங்காதுங்கிறா!"

"அவன் கடைசியாப் பேசினதே அதப்பத்திதான்!" ஸ்லாவ்கா தொட்டிக்கு முன்னால் போய் நின்று கண்ணாடியில் முதுகை அழுத்திக்கொண்டாள். இந்த மீன்களை அவள் ஒரு நாளும் சீராட்டியதில்லை. சுவரெல்லாம் ஈரம், கரண்ட் பில் தண்டம், கோடையில் ஒரு ஊர் போக வழியில்லை என்று அவனோடு மல்லுக்கட்டாத மாதம் கிடையாது. இப்போது முதுகுக்குப் பின்னால் அவை அலைகிற மெல்லிய தடவலைக் கண்ணாடி வழியாக உணர்ந்தாள். "அக்கா, மெழுகுவத்தியில நான் தப்புப் பண்ணிட்டேன். என்னை என்ன வேணா சொல்லு, சாகுற வரைக்கும் சொல்லு. அவன் கேட்ட இன்னொண்ணு இது. இதையும் என் கையால கெடுக்க வைக்காத. உன் காலைப் பிடிக்கிறேன்."

சொன்னபடியே மண்டியிட்டுவிட்டாள். யோர்தாங்கா வாளியை இறக்கினாள்.

"நானாடி கேக்குறேன்? நின்ன தண்ணியில உசிரு இறங்கிட்டா ஏறி வரத் தெரியாதுடி. ஏற்கெனவே இருட்டுல போயிருக்கான். தண்ணியிலயும் மாட்டினா நான் என்ன பண்ணுவேன்?"

"நின்ன தண்ணின்னா?"

"குடம், வாளி, தொட்டி. எது நிக்குதோ அது."

"ஆறு?"

"ஆத்த யாரு கொட்டுவா? ஸ்த்ருமா ஆத்த அள்ளி எங்க ஊத்துறது? ஓடுற தண்ணிக்கு ஒண்ணும் கிடையாது. அது கழுவிக்கிட்டுப் போயிடும்."

ஸ்லாவ்கா மண்டியிட்டபடியே நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப இதை ஓட வச்சுட்டா?"

"இதையா?"

"அதுக்குத்தானே ஓட்டை போட்டது. மேலேயிருந்து கீழே விழும், கீழேயிருந்து மேலே ஏறும்."

"சுத்திச் சுத்தி அதே தண்ணிதானே?"

"ஸ்த்ருமாவும் எங்கேயோ சுத்தித்தான் வருது."

யோர்தாங்கா தொட்டியைப் பார்த்தாள், அதன் பக்கக் கண்ணாடியில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள், படுக்கையறையைப் பார்த்தாள். "சவப்பெட்டி வீட்டுக்குள்ள வர்றதுக்கு முந்தி ஓடணும்" என்றாள். "ஓடலேன்னா நானே கவுத்துடுவேன். அப்ப குறுக்க வராத." வாளியைக் காலடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அதுவும் பிணத்துக்கு இருக்கிற காவல் மாதிரித்தான் இருந்தது.

வெலிச்கோ அலறல் கேட்டே வந்து கதவோரம் நின்றிருந்தான். மெத்தோதி கொடுத்த குஞ்சுகளை அவனும் ஒரு சின்னத் தொட்டியில் வளர்க்கிறான். "அண்ணன் எல்லாச் சாமானையும் வரவழைச்சு வச்சிருக்காருக்கா" என்று அலமாரிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். ஓட்டைக்குள் நுழைக்கிற மறைக்குழாய், அதை இறுக்குகிற மறை, ஒரு தடித்த ரப்பர் வளையம், அளவாக வெட்டி வந்த வெள்ளைக் குழாய். வெலிச்கோ மறைக்குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரப்பர் உள்பக்கமா, வெளிப்பக்கமாக்கா?"

ஸ்லாவ்கா படுக்கையறைப் பக்கம் திரும்பினாள். "மெத்தோ! ரப்பர் எந்தப் பக்கம்?"

கேட்டுவிட்டாள். வாயிலிருந்து வந்துவிட்டது. யோர்தாங்கா சிலுவை போட்டுக்கொண்டாள். வெலிச்கோ தலையைக் குனிந்து அலமாரிக்குள் இல்லாத எதையோ தேடினான். பதிலுக்காகக் காத்திருந்த அந்த ஒரு கணம் ஸ்லாவ்காவுக்குப் போகவே மாட்டேனென்றது. ஓட்டை விழுந்ததும் அவன் சொல்லியிருப்பான். ஒருவேளை அவள் சும்மா இரு என்றபோது இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தானோ?

வெளிப்பக்கம் போட்டு இறுக்கினார்கள். வெலிச்கோ ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளேயிருந்து ஊற்றிப் பார்த்தான். கண்ணாடி வழியாகக் கோடு கோடாக இறங்கிற்று. ஸ்லாவ்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கழற்றினால் எங்கே கண்ணாடி விரிசல் விட்டுவிடுமோ என்று பயம், கழற்றாவிட்டால் வாளி. நாற்காலியில் யோர்தாங்கா அசைந்து உட்கார்ந்தாள். பெட்டி கொண்டுவர வண்டி கிளம்பிவிட்டதாகச் சொல்லி ஒரு ஆள் வந்துவிட்டுப் போயிருந்தான்.

ஸ்லாவ்கா சமையலறைக்குப் போய், தரையில் கவிழ்ந்து கிடந்த ஊறுகாய் ஜாடிகளில் ஒன்றின் மூடியைத் தேடி எடுத்துப் பார்த்தாள். ரப்பர், புளித்தண்ணீர் படுகிற பக்கத்தில் இருந்தது. "உள்ள போடு, வெலிச்கோ. தண்ணி இருக்கிற பக்கம்" என்றாள். "கையாலேயே முடுக்கு. அழுத்தாத. அழுத்தாதன்னா அழுத்தாத." சொல்லும்போதே யாருடைய வார்த்தை அது என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டாவது டம்ளர் ஊற்றினார்கள். விரலால் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

இனி கொட்டிய கால்வாசிக்குத் தண்ணீர் வேண்டும். வெலிச்கோ தன் தொட்டியிலிருந்து இரண்டு வாளி கொண்டுவந்தான். போதவில்லை. மாடிப்படியில் இறங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டினான். கட்டட வாசல் கதவில் கறுப்புக் கட்டமிட்ட இரங்கல் தாளை அப்போதுதான் ஒட்டியிருந்தார்கள். துக்கம் கேட்க வருகிறவர்கள் சாவுக்கென்றே உள்ள வழக்கப்படி இரட்டைப்படையில் பூ எடுத்துக்கொண்டு படியேறத் தொடங்கியிருந்தார்கள். பூவோடு சேர்த்து பால்கனித் தண்ணீரும் வந்தது. மூன்றாவது மாடிக் கிழவர் ஒரு கையில் இரண்டு கார்னேஷன் பூ, ஒரு கையில் ஐந்து லிட்டர் பாட்டில். இது சாவு நடக்காத வீட்டுத் தண்ணீர் என்பதால் யோர்தாங்காவும் வாயைத் திறக்கவில்லை. நாள்பட நின்று குழாய் மருந்து வாடை போன தண்ணீர். மீனுக்கு அதுதான் வேண்டும். சில்லென்று இருந்ததை வெலிச்கோ வீட்டு அடுப்பில் வெதுவெதுப்பாக்கி ஊற்றினார்கள்.

"கடவுள் அவனை மன்னிக்கட்டும்" என்று சொல்லி ஒவ்வொருவரும் ஊற்றினார்கள். பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் சிலர் தொட்டி மேலேயே வைத்தார்கள்.

மட்டம் ஏறிற்று. ஓட்டையின் கீழ் உதட்டைத் தொட்டது. ஸ்லாவ்கா மோட்டாரைப் போட்டாள். முதலில் ஒரு விக்கல். அப்புறம் ஒரு கொப்புளிப்பு. அப்புறம் வெள்ளைக் குழாய் வழியாகத் தண்ணீர் கீழ்த்தொட்டிக்குள் விழ ஆரம்பித்து, விழுந்துகொண்டே இருந்தது. மறுகோடியில் ஒண்டியிருந்த மீன்கள் ஒவ்வொன்றாக நடுவுக்கு வந்தன.

யோர்தாங்கா எழுந்து வந்து குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு வாளியைக் கவிழ்த்து மூலையில் வைத்தாள். "இது ராத்திரியெல்லாம் இப்படியே கத்துமா?" என்றாள்.

"கத்தும்."

"கத்தட்டும்" என்றாள் யோர்தாங்கா. கொஞ்ச நேரம் கழித்து ஸ்லாவ்காவின் தோளில் கை வைத்தாள். மெழுகுவத்தியைப் பற்றி அவள் மறுபடி பேசவில்லை. மன்னித்தாள் என்றும் சொல்ல முடியாது.

பெட்டி வந்தது. மெத்தோதியைக் கோட்டுப் போட்டு முன்னறையில், தொட்டி வெளிச்சம் படுகிற இடத்தில் கிடத்தினார்கள். யோர்தாங்கா அவன் பையில் வழக்கப்படி ஒரு நாணயம் வைத்தாள். யாரும் பார்க்காதபோது ஸ்லாவ்கா அதற்குப் பக்கத்தில் வட்டக் கண்ணாடித் துண்டை வைத்தாள்.

மறுநாள் நடுப்பகலுக்குக் கொஞ்சம் முன்னால், பாதிரியார் தூபத்தை ஆட்டிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தபோது, கரண்ட் போயிற்று.

தொட்டி விளக்கு அணைந்தது. மோட்டார் நின்றது. ஸ்லாவ்கா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ஒரு கால் தொட்டிப் பக்கமும் ஒரு கால் படுக்கையறைப் பக்கமுமாக நின்றாள். வெலிச்கோ தன் வீட்டுக் கூரையை நினைத்தானோ என்னவோ, தரையைப் பார்த்தான். குழாயில் விழுகிற தண்ணீர் மெலிந்தது. நூலாயிற்று. சொட்டாயிற்று. மட்டம் ஓட்டையின் கீழ் உதடு வரை வந்து நின்றுகொண்டது. பாதிரியார் பாட்டை விடவில்லை. இறந்தவன் கையில் இப்போது ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தியின் வெளிச்சம்தான் திரை போட்டிருந்த அறையில் இருந்தது.

கரண்ட் வந்தது. சமையலறையில் ஃபிரிட்ஜ் உதறிக்கொண்டது. தொட்டி விளக்கு எரிந்தது. மோட்டார் ஏற்ற ஆரம்பித்தது. மட்டம் மெல்ல உயர்ந்து, ஓட்டையைத் தொட்டு, ஒரு விக்கலுக்குப் பிறகு தண்ணீர் தானாக விழத் தொடங்கிற்று. யாரும் கை வைக்கவில்லை. ஒரு துளி தரையில் சிந்தவில்லை. "பார்த்தியாக்கா" என்று வெலிச்கோ கிசுகிசுத்தான்.

ஸ்லாவ்கா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். முகம் படுக்கையறைக் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது.

"அதான் தானா ஓடுதே, உட்காரு" என்று யோர்தாங்கா கையைப் பிடித்து இழுத்தாள்.

"இரு அக்கா" என்றாள் ஸ்லாவ்கா. "மெஷின் விசில் இன்னும் வரல."